தடுப்பூசி அட்டையைக் கேட்காதீர்கள், ஊசியைப் போடுங்கள்

மகனுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது. நேற்று இரவு மருத்துவப் படிவம் நிரப்ப இருந்தோம். 'தடுப்பூசி விபரம், திகதியுடன்' என்ற இடத்தில் அவன் பேனா நின்றது. "அம்மா, என்ர கிளினிக் கொப்பி எங்க?" சின்ன வயதில் போட்ட ஊசிகளைப் பதிகிற கொப்பி அது.

அவன் 2006 ஆனியில் கிளிநொச்சியில் பிறந்தவன். ஒன்பதாம் மாதச் சின்னமுத்து (தட்டம்மை) ஊசிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், அது நிச்சயம். மூன்று வயது ஊசிக்குரிய மாதம் வந்தபோது நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில். கொப்பி, இறுதிப் போரில் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ துணிப்பையோடு போய்விட்டது. முகாமில் ஏதோ ஒரு ஊசி போட்டது நினைவிருக்கிறது. எந்த ஊசி என்று நான் கேட்கவில்லை. தண்ணீருக்கும் வரிசை, சோற்றுக்கும் வரிசை என்று நின்ற நாட்கள் அவை.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்று இப்போது ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். 2021 இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் கொவிட் ஊசியைக் கட்டாயமாக்கியபோது எட்டு மாணவர்கள் வழக்குப் போட்டதையும், உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததையும் சிலர் எடுத்துப் போடுகிறார்கள். உடல்நிலையும் சமயமும் காட்டியவர்களுக்கு அங்கே விலக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் கட்டாயத்தின் பக்கம்தான். சின்னமுத்துக் கிருமி, நோயாளி எழும்பிப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அறைக் காற்றில் நிற்கும். நூறு பேரில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் பரவாமல் தடுக்கலாம். நாலு மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே விடுதி அறையில் படுக்கிறார்கள். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. 2023 இல் அது திரும்பி வந்தது. கைக்குழந்தைகளோடு இருபது வயது தாண்டியவர்களும் அகப்பட்டார்கள். புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் போட்டிருந்தால்தான் அந்தப் பிள்ளைக்குக் காப்பு.

ஆனால் எங்கள் சனத்துக்குக் 'கட்டாயம்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். பதிவு, அட்டை, வரிசை என்று எத்தனை வருசம் நின்றோம். அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: ஊசி போட்ட அட்டையோ கொப்பியோ இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. இறுதிப் போர்க் காலத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் கம்பஸ் வாசலுக்கு வருகிறார்கள். பத்திரம் கேட்டால் முதலில் விழுவது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள்தான். பதிவு நாளில் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலும் வவுனியா பம்பைமடு வளாகத்திலும் ஒரு மேசை போட்டு, தாதி ஒருவரை இருத்தி, அட்டை இல்லாதவர்களுக்கு அங்கேயே இலவசமாகப் போட்டுவிடுங்கள். முன்பு போட்டவருக்கு இன்னொரு முறை எம்.எம்.ஆர். (சின்னமுத்துக்கும் சேர்த்துப் போடும் ஊசி) ஏற்றினாலும் கெடுதல் இல்லை. ஏற்றக் கூடாத உடல்நிலை என்றால் வைத்தியரின் கடிதம் போதும். பயந்து மறுப்பவரோடு ஒருவர் இருந்து பொறுமையாகக் கதைக்கட்டும். அதற்காக, இவ்வளவு பாடுபட்டு எடுத்த இடத்தைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவம், தாதியியல் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். அவர்கள் நாளைக்குத் தொடப்போவது நோயாளியை.

படிவத்தில் அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போகிறேன். கொப்பி தொலைத்த தாய்மார் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கோ, சேர்ந்து போவம்.