உண்மை விளக்கம்: உலகம் பொய் என்று தெக்கார்த் நிரூபிக்கவில்லை

“நாம் காணும் உலகம் பொய், ஒரு தீய ஆவி நம்மை ஏமாற்றுகிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் நிரூபித்துவிட்டார்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

1641-இல் லத்தீனில் வெளிவந்த அவருடைய ‘முதல் மெய்யியல் பற்றிய தியானங்கள்’ நூலில் ஆறு தியானங்கள், அதாவது ஆறு பகுதிகள், உள்ளன. அந்த ஆவி வருவது முதல் தியானத்தின் இறுதியில். அங்கும், அப்படி ஒன்று இருப்பதாக அவர் சொல்லவில்லை. இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்கிறார். எந்த ஏமாற்றுக்கும் அசையாத உண்மை ஒன்றாவது மிஞ்சுமா என்று பார்க்க அவர் நடத்திய சோதனை அது. இரண்டாம் தியானத்திலேயே விடை கிடைக்கிறது: நான் ஏமாற்றப்படுகிறேன் என்றால், ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது.

ஆறாம் தியானத்தில், பொருள்கள் உண்டு என்றே முடிக்கிறார். முந்தைய தியானங்களில் எழுப்பிய மிகையான ஐயங்கள் நகைத்து ஒதுக்கத்தக்கவை என்றும் எழுதுகிறார். கடவுள் ஏமாற்றுபவர் அல்லர் என்ற வாதத்தின் மேல்தான் அந்த முடிவு நிற்கிறது. அது போதுமா என்று அவர் காலத்திலேயே கேள்வி எழுப்பினார்கள். இன்றும் தாராளமாக எழுப்பலாம். ஆனால் அவர் சொன்னதைத் தலைகீழாக்கிப் பரப்புவது அவருக்கும் வாசகருக்கும் செய்யும் அநீதி.

நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல், இரண்டாம், ஆறாம் தியானங்களைப் படித்துச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.