இரு பக்கத் தேக்கம் என்றாலே தலையில் அடி என்று அர்த்தமில்லை

"சி.டி. ஸ்கேனில் டியூரா சவ்வுக்கு (மூளையைச் சுற்றியுள்ள கெட்டியான வெளியுறை) அடியில் இரு பக்கமும் தேக்கம் தெரிந்தால் அது அடிபட்ட ரத்தம்தான், உடனே துளையிட்டு எடுக்க வேண்டும்" என்று சிலர் சொல்லும் கருத்து தவறு. நம்பிச் செயல்பட்டால் ஆபத்தும்கூட.

முதுகெலும்புப் பகுதியில் மூளைத் தண்டுவட நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) கசிந்தாலும் இதே படம் வரும். மண்டையோட்டின் கொள்ளளவு மாறாது. நீர் குறைந்த இடத்தைச் சிரைகள் விரிந்தும், டியூராவுக்கு அடியில் திரவம் சேர்ந்தும் நிரப்புகின்றன. மூளை கீழே தொய்வதால் இழுபடும் சிரைகள் கிழிந்து உண்மையான ரத்தமும் கசியலாம். ஆகவே ரத்தம் இருப்பது, கசிவால் வரும் இந்த நீரழுத்தக் குறைவை மறுக்கும் சான்றல்ல.

பிரித்தறிய, காண்ட்ராஸ்ட் (படத்தில் திசுக்களைத் தெளிவாகக் காட்டும் மருந்து) கொடுத்த எம்.ஆர்.ஐ. வேண்டும். தேக்கமே இல்லாத இடங்களிலும் டியூரா சீராக, தொடர்ச்சியாக ஒளிர்கிறதா, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பருத்திருக்கிறதா, மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸுக்கு முன்னுள்ள நீரிடம் 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் முதல் அடையாளம் தெரியாது. நிமிர்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வலுவான குறிப்பு. இடுப்பில் ஊசியிட்டு அளக்கும் அழுத்தம் இயல்பாக இருப்பதும் உண்டு, அதை மட்டும் நம்பி ஒதுக்காதீர்கள்.

கசிவை அடைக்காமல் தேக்கத்தை மட்டும் வடித்தால் மூளை மேலும் தொய்ந்து சுயநினைவு மங்கலாம். பெரும்பாலும் முதலில் செய்வது, நோயாளியின் ரத்தத்தையே முதுகில் எபிடியூரல் இடத்தில் (டியூராவுக்கு வெளியே உள்ள இடம்) செலுத்தி அடைப்பது. தேக்கம் பெரிதாகி மூளையை அழுத்தி நினைவு தப்பினால் அறுவை தவிர்க்க முடியாது.

திடீரென்று இடிபோல் தாக்கும் தலைவலிக்கு மட்டும் இந்த யோசனையெல்லாம் பிறகு. முதலில் அவசரப் பிரிவுக்குப் போய் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.