வேலை செய்கிறதா, காத்திருக்கிறதா?

நான் தினமும் பத்து முறையாவது திறக்கும் ஒரு மென்பொருள், ஒவ்வொரு முறையும் திறக்க 40 விநாடி எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். யாரிடம் கேட்டாலும் "ரேம் கூட்டு", "ஃபார்மட் பண்ணிடு" என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொன்னார்கள். இரண்டுமே என் பிரச்சினையைத் தொட்டிருக்காது. கணினி மெதுவாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அது வேலை செய்கிறதா, எதற்காகவாவது காத்திருக்கிறதா?

தெரிந்துகொள்வது சுலபம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மென்பொருளைக் கிளிக் செய்யுங்கள். கணினியின் மூளையான சிபியு எகிறினால் அது ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் தகவலை எடுக்க அது திணறுகிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்கு நூறு முறை சொச்சம்தான் தேடி எடுக்கும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை எடுக்கும். அந்த ஒரு நிலையில் மட்டும் காசு செலவழித்து எஸ்எஸ்டி போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

என் விஷயத்தில் சிபியு, டிஸ்க் இரண்டுமே சும்மா இருந்தன. ஆனாலும் 40 விநாடி. தினமும் கிட்டத்தட்ட அதே 40. தாமதம் இப்படி மாறாமல் ஒரே அளவில் இருந்தால், யாரோ எங்கேயோ பதிலுக்காகக் காத்திருந்து, நேரம் முடிந்ததும் கைவிடுகிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

பிராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டேன். ஒரு மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது, ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸ் அமைப்புகளின் பதிவேட்டில் எதை வாசிக்கிறது என்பதை நேரத்தோடு வரிசையாகக் காட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும், பயப்பட வேண்டாம். அந்த மென்பொருளின் பெயரை மட்டும் வடிகட்டி, நேரம் திடீரென்று தாவும் இடத்தைத் தேடினால் போதும். எனக்கு அது ஒரே இடத்தில் தாவியது. அங்கே 'பேட் நெட்வொர்க் பாத்', அதாவது நெட்வொர்க்கில் அப்படி ஒரு பாதை கிடைக்கவில்லை என்று இருந்தது. எப்போதோ கழற்றி எடுத்துச் சென்றுவிட்ட வேறொரு கணினியில் இருந்த கோப்பு, 'சமீபத்தில் திறந்தவை' பட்டியலில் இன்னும் கிடந்திருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு முறையும் இல்லாத அந்தக் கணினியின் கதவைத் தட்டியிருக்கிறது. பட்டியலில் அந்த ஒரு வரியை நீக்கினேன். 3 விநாடியில் திறந்தது. ஃபார்மட் செய்திருந்தால் காரணமே தெரியாமல் போயிருக்கும்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரில் தெரியும் அந்த மர்மப் பெயர்கள். எஸ்விசிஹோஸ்ட் என்று ஐம்பது அறுபது ஓடுவதைப் பார்த்து வைரஸ் என்று பதறுபவர்கள் நிறைய. பின்னணியில் இயங்கும் விண்டோஸ் சேவைகளை, ஆமை ஓடு போல, உள்ளே வைத்துச் சுமக்கும் பொதுவான ஓடு அது. முன்பு ஓர் ஓட்டுக்குள் பல சேவைகள் இருந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி ஓடு. அதனால்தான் எண்ணிக்கை கூடியது. ஒன்று விழுந்தால் மற்றவை பிழைக்கும், நல்ல மாற்றம். சந்தேகம் இருந்தால் வலது கிளிக் செய்து கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32க்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. அதே பெயரோடு உங்கள் டவுன்லோட்ஸிலோ டெம்ப் கோப்புறையிலோ இருந்தால் உடனே ஸ்கேன் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்த கணமே அடங்கிப்போகும் களவாணி மென்பொருள்களும் உண்டு. விசிறி இரைந்துகொண்டிருந்து, திறந்ததும் ஒவ்வொரு முறையும் சட்டென்று அமைதியானால் கவனியுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, நம்மைக் கேட்காமல் தொடக்கப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்கள் மேல்தான். மாதம் ஒருமுறை பயன்படுத்தும் நிரல், கணினி எழும்போதே ஏன் எழ வேண்டும்? அனுமதி கேட்டுத்தான் சேர வேண்டும் என்பது குறைந்தபட்ச மரியாதை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அவற்றை முடக்கலாம். அங்கே தெரியாமல் ஒளிந்திருப்பவற்றை ஆட்டோரன்ஸ் என்ற கருவி காட்டும். அழிக்காதீர்கள், டிக்கை மட்டும் எடுங்கள். தவறானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது குணமாக்கியது என்று தெரியாது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகமாக்குகிறேன் என்று வரும் மென்பொருள்களை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். வேகம் அதிகரிக்காது, ஏதாவது உடையத்தான் வாய்ப்பு.

மாற்றியதைச் சோதிக்க 'ஷட் டவுன்' செய்து திரும்பப் போடுவது போதாது. கணினியைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால் விண்டோஸின் உட்கரு அணைவதில்லை, டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்', அதாவது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கைப் பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியில்கூடப் பல நாள் காட்டும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதன் பிறகு நேரத்தை அளந்து பாருங்கள்.