லாங்இயர்பியனில் சாவதற்குத் தடையா?

"நார்வேயில் ஒரு ஊரில் 1950 முதல் சாவது சட்டவிரோதம். புதைத்த உடல் அங்கே மக்காது. 1918-ல் இறந்தவர்கள் உடலில் இன்னும் உயிருள்ள வைரஸ் இருந்தது." ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்இயர்பியனைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது.

அப்படி ஒரு சட்டமே கிடையாது. (செத்தவருக்கு யார் அபராதம் போடுவது?) அங்கே திடீரென்று இறப்பவர்களும் உண்டு. உறைந்த நிலம் புதைத்ததை மெல்ல மேலே தள்ளிவிடும் என்பதால் சவப்பெட்டி அடக்கம் மட்டும்தான் இல்லை. அனுமதி வாங்கினால் அஸ்திக் கலசத்தைப் புதைக்கலாம்.

அப்புறம் அந்த வைரஸ் கதை. 1906-ல் நிலக்கரிக்காக உருவான ஊர் இது. 1918 இலையுதிர்காலத்தில் சுரங்க வேலைக்குக் கப்பலில் வந்த ஏழு இளைஞர்கள் அப்போது உலகெங்கும் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் என்ற ஃப்ளூவில் இறந்தார்கள். வைரஸைத் தேடி 1998-ல் ஓர் ஆய்வுக் குழு அந்தக் கல்லறைகளைத் தோண்டியது. பெட்டிகள் ஒரு மீட்டர் ஆழத்தில்கூட இல்லை. ஆண்டுதோறும் உருகி உறையும் மேல்மண்ணிலேயே கிடந்தன. அதனால் உடல்கள் பெரும்பாலும் சிதைந்திருந்தன. உயிருள்ள வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை.

வதந்தி முளைக்க இடம் கொடுத்தது வேறு விஷயம். அங்கே இருப்பது சிறிய மருத்துவமனை. முதியோர் பராமரிப்பு வசதியும் இல்லை. அதனால் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்தவர்கள் நார்வே பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். கர்ப்பிணிகளும் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே கிளம்பிவிடுவார்கள். அதற்காகப் பிறப்பதற்கும் தடை என்று யாராவது எழுதினால், அதுவும் பொய்தான்.