விசிறிக் கடை இல்லை, டத்தோ

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில், பிள்ளைகளின் அறிவியல் போட்டியில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். ஒரு பையன் குட்டிப் புரொப்பெல்லர்களை வரிசையாக ஒட்டிய விமான இறக்கை மாதிரி ஒன்றை வைத்திருந்தான். "என்ன தம்பி, விசிறிக் கடை போட்டிருக்கியா? ஒரு பெரிய புரொப்பெல்லர் போதாதா?" என்று டத்தோ பட்டம் வாங்கிய பெரியவர் மைக்கில் கேட்க, மண்டபமே சிரித்தது. வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்தப் பையன் தலையைத் தூக்காமல் வயரைச் சுருட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் பரிசு வழக்கம்போல எரிமலை மாதிரிக்கு.

சிரித்தவர்களுக்கு ஒன்றே ஒன்று. இறக்கையின் முன்விளிம்பில் அவன் வரிசையாக ஒட்டியிருந்த குட்டிப் புரொப்பெல்லர்கள் விமானத்தை இழுப்பதற்கு இல்லை. இறக்கை மேல் காற்றை ஊதுவதற்கு.

விமானம் மெதுவாகப் போனால் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசிதான். அதனால் இறங்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக இறக்கையைப் பெரிதாகக் கட்டி, மீதி நேரமெல்லாம் அதைச் சும்மா சுமந்துகொண்டு எரிபொருளைக் கரைக்கிறோம். தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளுக்காக வருஷம் முழுக்கப் பெரிய வீட்டுக்கு வாடகை கட்டுகிற கதை. இறங்கும்போது மட்டும் இறக்கை மேல் காற்றை வேகமாக ஊதிவிட்டால்? சின்ன இறக்கையே போதும்.

நாசாவின் எக்ஸ்-57 என்ற சோதனை மின்விமானம் இதைத்தான் செய்யப் பார்த்தது. டெக்னாம் என்ற இத்தாலிய விமானத்தை எடுத்து, இறக்கைப் பரப்பைப் பாதிக்கும் கீழே குறைத்து, முன்விளிம்பில் 12 சின்ன மோட்டார், இரண்டு நுனியிலும் ஒவ்வொரு பெரிய மோட்டார் என்று வடிவமைத்தார்கள். உயரே போனதும் சின்னவை நின்று மடங்கிக்கொள்ளும். இழுப்பது நுனியில் இருக்கும் இரண்டு மட்டுமே. அவையும் இறக்கை நுனியில் சுழலும் காற்றுக்கு எதிர்த்திசையில் சுழன்று பின்னிழுவையைக் குறைக்கும். ஒரு பெரிய புரொப்பெல்லர் போதாதா என்று டத்தோ கேட்டது இழுப்பதற்குச் சரி. ஊதுவதற்கு?

ஊதுகிற வித்தை ஒன்றும் புதுசில்லை. விமானம் பராமரிக்கும் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால், சுபாங் விமான நிலையத்திலிருந்து தியோமான் தீவுக்கு டேஷ்-7 விமானத்தில் போயிருக்கிறேன். நான்கு புரொப்பெல்லர். ஓடுபாதையோ ஒரு கிலோமீட்டர் அளவுதான். ஜன்னலில் பார்த்தால் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப் என்ற பலகை கீழே, கீழே என்று இறங்கிக்கொண்டே போனது. புரொப்பெல்லர் காற்று முழுக்க அதன் மேல். விமானம் நின்றே விட்டதோ என்று பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊதிய காற்றில்தான் நாங்கள் இறங்கினோம். ஆனால் எரிபொருளில் ஓடும் எஞ்சினைச் சின்னச் சின்னதாக நறுக்கினால் எடையும் செலவும் ஏறும். மின்மோட்டாரில் அந்தத் தொல்லை குறைவு, வயர் இழுத்தால் போதும். பையன் கண்டுபிடித்தது அதைத்தான்.

உடனே ஒருவர் வருவார், "நாசாவே பறக்கவிடாமல் மூடிவிட்டதே?" என்று. ஆமாம், 2023-இல் பறக்காமலே முடித்துக்கொண்டார்கள். உந்து அமைப்பில் பாதுகாப்புச் சிக்கல், சரிசெய்ய நேரம் போதவில்லை. இறக்கைக் கணக்கு தோற்று நிறுத்தவில்லையே! அதற்கு முன்பே 2015-இல், 18 மோட்டார் வைத்த இறக்கையை லாரி மேல் ஏற்றி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். லாரியில் இறக்கை. அங்கே யாரும் மைக் வாங்கி விசிறிக் கடையா என்று கேட்கவில்லை.

பேட்டரி கனமா? கனம்தான். பையன் வைத்தது இறக்கை, பேட்டரி இல்லை. அடுத்தது.

"பெரியவர் ஜோக்குக்குச் சொன்னார், இதைப் போய் பெரிசாக்கலாமா" என்கிறீர்கள். சரி. நம் பிள்ளைகள் அறிவியலுக்கு வருவதில்லை என்று அதே மேடையில் இருபது நிமிடம் வருத்தப்பட்டதும் ஜோக்தானா? வந்த பிள்ளையிடம் "ஏன் இத்தனை வைத்தாய் தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். என்னிடம் சொன்னான், வாகனம் நிறுத்தும் இடத்தில், கடகடவென்று, மூச்சு விடாமல். பொன்னாடை போர்த்த நேரம் இருந்தது, அவனைக் கேட்க நேரமில்லை.

அப்புறம், என் முந்தைய பதிவுக்குக் கீழே "ஸ்குரு முறுக்குறவனுக்கு ஏரோடைனமிக்ஸ் எதுக்கு" என்று எழுதிய அண்ணனுக்கு. ஆமாம் அண்ணே, பட்டம் இல்லை, ஸ்குருதான் முறுக்குகிறேன். போன மாதம் சுபாங்கிலிருந்து பினாங்குக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் போட்டிருந்தீர்களே, அந்த விமானத்திலும் நாங்கள் முறுக்கிய ஸ்குருதான். அன்றைக்கு யாரிடமும் பட்டம் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் லைக் போட்டேன்.