விமானி மாணவர் வீட்டு சிமுலேட்டரை எப்போது தொட வேண்டும்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகிவிட்டு வரும் மாணவர் யார் என்பதை, முதல் நாள் விமானம் தரையை விட்டு எழும்பிய பத்து நிமிடங்களுக்குள் என்னால் சொல்லிவிட முடியும். கருவிகளின் பெயர்கள் அனைத்தும் அவருக்குத் தெரிந்திருக்கும். செஸ்னா 172 விமானத்தில் 55 நாட் வேகம் வந்ததும் மூக்கை உயர்த்த வேண்டும் என்பதும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப்பை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பதும் மனப்பாடமாக இருக்கும். ஆனால் அவருடைய கண்கள் கண்ணாடிக்கு வெளியே போகாது. "தொடுவானத்தைப் பாருங்கள்" என்றால் ஒரு கணம் பார்ப்பார். அடுத்த கணமே பார்வை வேகமானியிலும் உயரமானியிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். கால்கள் இரண்டும், வாலில் உள்ள திசைப் பலகையை அசைக்கும் ரடர் பெடல்களின் மேல் உயிரில்லாமல் கிடக்கும். பதினொரு ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். இந்த இரண்டு அடையாளங்களும் பொய்த்த நினைவு எனக்கில்லை.

இப்படித் தொடங்குவதால் நான் சிமுலேட்டரை வெறுப்பவன் என்று எண்ணிவிட வேண்டாம். என் மாணவர்கள் ஒவ்வொருவரும் பயிற்சிக் காலத்தில் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று விரும்புகிறவன் நான். எப்போது, எதற்கு என்பதில்தான் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சென்ற மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் விமானத்தில் ஏறவில்லை. "சார், ரெண்டு லட்சத்துக்குக் கம்ப்யூட்டரு, வீலு, பெடலுன்னு கேக்கான். வெளையாடக் கேக்கானா, படிக்கக் கேக்கானான்னு எனக்குத் தெரியல" என்றார். வணிக விமானி உரிமம் பெறுவதற்குள் ஐம்பது லட்ச ரூபாய் எளிதாகக் கடந்துவிடும் இந்தப் படிப்பில், நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ மகனை அனுப்பும் ஒருவர் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பெறுவதற்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி தேவை. அதில் 20 மணி நேரம்வரை சிமுலேட்டரில் செய்யலாம். ஆனால் அது டிஜிசிஏ அங்கீகரித்த சிமுலேட்டராக இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் லாக் புத்தகத்தில் ஒரு நிமிடம்கூட ஏறாது. அமெரிக்காவிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்: அங்கே எக்ஸ்-பிளேன் மென்பொருளில் இயங்கும் சில பயிற்சிக் கருவிகளுக்கு அரசின் அங்கீகாரம் உண்டு என்றாலும், அந்த அங்கீகாரம் கைப்பிடி, பெடல், சுவிட்சுகள் அனைத்தும் சேர்ந்த முழுக் கருவிக்குத்தானே தவிர, மேசைமேல் இருக்கும் கணினிக்கு அல்ல. ஆகவே மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். ஒரே பாடத்துக்காக இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பறந்து, அதற்கும் பணம் கட்டும் நிலையைத்தான் இதனால் தவிர்க்க முடியும். அந்தத் தொகை சிறியது அல்ல.

இது விளையாட்டா, பயிற்சியா என்ற சண்டை நேற்று தொடங்கியதல்ல. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல் தன் பயிற்சிப் பொறியை உருவாக்கினார். அவருடைய குடும்பத் தொழில் இசைக்கருவிகள் செய்வது. ஆர்கன் பெட்டிக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே ஒரு குட்டி விமானத்தைச் சாயவும் திரும்பவும் வைத்தார். பறத்தல் பள்ளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் சுமக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டு, பனியிலும் இருட்டிலும் கருவிகளை நம்பிப் பறக்கத் தெரியாமல் பலர் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகே ராணுவம் அந்தப் பொறியைத் தேடி வந்தது. மூக்கை உயர்த்தவும் தரையிறக்கவும் கற்றுக்கொள்வதற்காக அவர்கள் அதை வாங்கவில்லை. வெளியே ஒன்றும் தெரியாதபோது உள்ளே இருக்கும் முட்களை நம்பும் பழக்கத்துக்காக வாங்கினார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, செயற்கைக்கோள் படங்களால் உலகம் முழுவதையும் வரைந்து காட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்துவிட்ட இன்றும், வீட்டுத் திரை எதில் வலிமையானது என்ற கேள்விக்குப் பதில் அதிகம் மாறவில்லை.

தரையிறக்கத்தை எடுத்துக்கொள்வோம். ரன்வேக்கு நேராக வரும் கடைசிக் கட்டமான ஃபைனலில் 65 நாட் வேகத்தில் இறங்கி வரும் செஸ்னாவை, ரன்வேக்கு மேலே பத்துப் பதினைந்து அடி உயரத்தில் மெல்ல நிமிர்த்த வேண்டும். அந்த உயரத்தை எந்தக் கருவியும் சொல்லாது. ரன்வேயின் இரு விளிம்புகளும் கண்ணின் ஓரங்களில் விரிந்து மேலெழும் விதத்தை வைத்தே மூளை அதைக் கணிக்கிறது. கண்ணுக்கு நேராக மட்டும் இருக்கும் ஒரு தட்டைத் திரையில் அந்த ஓரப் பார்வையே கிடையாது. வீட்டில் நூறு முறை மென்மையாக இறக்கியதாகப் பெருமையோடு சொல்லும் மாணவர், நிஜத்தில் முப்பது அடியிலேயே நிமிர்த்திவிட்டு விமானம் தொப்பென்று விழுவதைக் கண்டு திகைப்பதற்கு இதுவே காரணம்.

ட்ரிம் இன்னும் நுட்பமான விஷயம். நிஜ விமானத்தில் ஓட்டும் கைப்பிடியான யோக்கைப் பிடித்திருக்கும் கையில் ஓர் அழுத்தம் தெரியும். வேகம் மாறினால் அழுத்தமும் மாறும். ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றி அந்த அழுத்தத்தைப் போக்கியதும், கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் நிற்கும். வீட்டு யோக்கில் இருப்பதோ வெறும் ஸ்பிரிங். என்ன வேகத்தில் போனாலும் அது ஒரே நடு இடத்துக்குத்தான் திரும்பும். ஆகவே வீட்டில் பழகியவர் ட்ரிம்மையே விமானம் ஓட்டும் சக்கரமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறார்: மூக்கு ஏற வேண்டுமா, இரண்டு சுற்று, இறங்க வேண்டுமா, மூன்று சுற்று. இந்தப் பழக்கத்தை மாற்ற நான் பட்ட பாட்டை என் மாணவர்கள் அறிவார்கள்.

முதலில் கற்றது ஆழமாகப் பதியும் என்பது பயிற்றுநர்களுக்குச் சொல்லித்தரப்படும் அடிப்படைகளில் ஒன்று. முதலில் தவறாகக் கற்றதும் அதே ஆழத்தில்தான் பதியும். நானூறு மணி நேரம் வீட்டில் ஓட்டிவிட்டு வந்த ஒருவர், விமானத்தையே கிட்டத்தில் பார்த்திராத தன் அறைத்தோழரைவிட மூன்று வாரம் பிந்தித்தான் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியே பறக்கப் போனார். அறிவில் அவர் குறைந்தவர் அல்லர்; எழுத்துத் தேர்வுகளில் முதலிடம் அவருக்குத்தான். கடைசியில் வேகமானியையும் உயரமானியையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, இன்ஜின் சத்தத்தையும் தொடுவானத்தையும் மட்டும் வைத்து, எழும்பி ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் சர்க்யூட்டை ஐந்து முறை ஓட்ட வைத்தேன். நான்காவது சர்க்யூட்டில் அவர் தலை தானாக நிமிர்ந்தது. அந்த நானூறு மணி நேரத்தை அவர் தன் பதினைந்தாவது பறத்தல் மணிக்குப் பிறகு செலவழித்திருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

இனி, அது உண்மையிலேயே கைகொடுக்கும் இடத்துக்கு வருகிறேன். கருவிப் பயிற்சியில் ஹோல்டிங், அதாவது வானில் ஓர் இடத்தையே சுற்றிக் காத்திருப்பது என்றால் நடுங்காத மாணவர் இல்லை. விநாடிக்கு 3 பாகை வீதம் திரும்ப வேண்டும், ஒரு நிமிடம் நேராகப் போக வேண்டும், மீண்டும் திரும்ப வேண்டும். காற்று தள்ளுகிற அளவுக்குத் திசையையும் நேரத்தையும் மனக்கணக்காகத் திருத்த வேண்டும். அதற்கு முன், எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதைப் பார்த்து மூன்று நுழைவு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் கைத்திறன் குறைவு, தலைக்குள் நடக்கும் ஒழுங்கே அதிகம். நிஜ விமானத்தில் குழம்பிய கணத்தில் விமானம் நிற்காது. ஒரு பிழையை நாம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த பிழைக்குள் போய்விடும். வீட்டிலோ பாஸ் பொத்தானை அழுத்திவிட்டு, வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாம் எங்கே இருக்கிறோம் என்று நிதானமாக யோசிக்கலாம். ரன்வே அருகிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைப் பின்பற்றி இறங்கும் ஐஎல்எஸ் இறக்கமும் அப்படியே. 90 நாட் தரைவேகத்தில் 3 பாகைச் சரிவைப் பிடிக்க நிமிடத்துக்கு 450 அடி இறங்க வேண்டும் என்ற கணக்கு காகிதத்தில் எளிது. ஒரு மணி நேரப் பறத்தலில் நான்கு முறை முயன்றால் பெரிது. வீட்டில் ஒவ்வொரு முறையும் எட்டு மைல் தொலைவிலேயே விமானத்தை வைத்துத் தொடங்கி, அதே ஒரு மணி நேரத்தில் பத்து முறை செய்யலாம்.

இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் கணினி சார்ந்த பயிற்சிக் கருவிகளைக் கருவிப் பறத்தல் மாணவர்களிடம் சோதித்தார்கள். புதிய பாடம் ஒன்றை அறிமுகப்படுத்தும்போது கணினி நன்றாக உதவியது. ஏற்கெனவே கற்றதை மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது பயன் குறைந்தது. நான் வகுப்பில் கண்டதும் இதுவே. ஹோல்டிங் நுழைவில் திரும்பத் திரும்பத் தடுமாறிய ஒரு மாணவிக்கு, ஒரு நாளைக்கு மூன்று நுழைவு, அதற்கு மேல் வேண்டாம் என்று இரண்டு வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தேன். விமானத்துக்குத் திரும்பியபோது முதல் முயற்சியிலேயே சரியாக நுழைந்தார். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றதும் முக்கியம். களைத்த தலையோடு ஓட்டும் நான்காவது முறை பிழையைத்தான் பழக்கும்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்கும் கிராஸ் கன்ட்ரி பயணத்துக்கு முந்தைய இரவிலும் இது பயன்படும். சேலத்திலிருந்து மதுரைக்குப் போகும் மாணவருக்கு வழி ஏறக்குறைய நேர் தெற்கு. நாமக்கல் பாறை, கரூர்ப் பக்கம் குறுக்கே ஓடும் காவிரி, திண்டுக்கல் மலைக்கோட்டை, அதைத் தாண்டியதும் எழும் சிறுமலை என்று ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்பதைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால், மறுநாள் வரைபடத்துக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும் நேரம் குறையும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: திரையில் காவிரி தெளிவாகத் தெரியும், ஏப்ரல் மாதப் புழுதி மூட்டத்தில் சில நேரம் மிக அருகில் வந்த பிறகுதான் தெரியும்.

ரேடியோ பேச்சில் எச்சரிக்கை தேவை. மென்பொருளுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டாளர் பெரும்பாலும் அமெரிக்க வழக்கில் பேசுவார். அலைவரிசையைச் சொல்லும்போது அங்கே ‘பாயிண்ட்’ என்பார்கள், நாம் ‘டெசிமல்’ என்கிறோம். அங்கே காற்றழுத்தம் அங்குலத்தில், நமக்கு ஹெக்டோபாஸ்கலில். இதைக் கேட்டுப் பழகினால் ரேடியோ உரிமத் தேர்வில் சங்கடம் வரும். ஆனால் வாட்சிம் போன்ற இணைய வலைப்பின்னலில் தன்னார்வலர்கள் நிஜக் குரலில் கட்டுப்பாட்டாளராக இருப்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, மைக்கின் பொத்தானை அழுத்தியதும் தொண்டை அடைத்துப்போகும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திறமை இருந்தும் கூச்சத்தால் தவிக்கும் அவர்களுக்கு, தவறினால் யாருக்கும் ஆபத்தில்லாத இடத்தில் அந்நியர் ஒருவரிடம் பேசிப் பழகும் வாய்ப்பு பெரிய ஆறுதல்.

விமானத்தில் செய்யவே முடியாத ஒரு பாடமும் உண்டு. எழும்பியதும் இன்ஜின் நின்றுபோனால் ரன்வேக்குத் திரும்ப முயலாதீர்கள், முன்னால் தெரியும் இடத்தில் இறங்குங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், "திரும்பியிருக்கலாமே" என்ற எண்ணம் மாணவர் மனத்தின் மூலையில் இருக்கும். நிஜத்தில் அதை நிரூபித்துக் காட்ட முடியாது. திரையில் 400 அடியில் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு மூன்று முறை ரன்வேக்கு வெளியே மோதிய பிறகு அந்தக் கேள்வி மறுபடி வருவதில்லை.

இவ்வளவு பயன் இருந்தும், நம் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் வீட்டு சிமுலேட்டரைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு வரி இல்லை என்பது எனக்கு வேதனை தருகிறது. நான் மாணவனாக இருந்தபோது, ஹோல்டிங்கைக் கணினியில் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னதற்காக ஒரு பயிற்றுநர் வகுப்பின் நடுவே என்னைக் கண்டித்தார். அதன்பின் நாங்கள் எல்லோரும் ஒளித்துத்தான் ஓட்டினோம். ஒளித்து ஓட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. பிழையைப் பார்த்துத் திருத்த ஆள் இல்லை. பள்ளிகள் விலையுயர்ந்த எதையும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த வகுப்புக்கு எதை ஓட்ட வேண்டும், எதை ஓட்டக் கூடாது என்று பயிற்றுநர் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். மாணவர் ஓட்டியதைப் பதிவு செய்து கொண்டுவரட்டும். பறப்பதற்கு முன் பத்து நிமிடம் அதைச் சேர்ந்து பார்க்கட்டும்.

திருநெல்வேலித் தந்தையிடம் இவ்வாறு சொன்னேன்: இப்போது வாங்க வேண்டாம், மகன் சோலோ முடித்த பிறகு வாங்கிக் கொடுங்கள். இரண்டு லட்சம் தேவையில்லை. நடுத்தரக் கணினி போதும். படத்தின் அழகுக்குச் செலவழிப்பதைவிட முதலில் ரடர் பெடல் வாங்குங்கள், கால் தூங்கக் கூடாது. மென்பொருளுக்கும் பணம் இல்லையென்றால் ஃப்ளைட்கியர் இலவசமாகவே கிடைக்கிறது.

பிறகு மகன் தொலைபேசியை வாங்கி, "அதுவரைக்கும் நான் என்ன சார் செய்யட்டும்?" என்று கேட்டார். செஸ்னா 172 காக்பிட்டின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்ஜினை இயக்கும் செக்லிஸ்ட்டை ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பழகுங்கள், பத்து நாளில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி எனக்கு வீடியோ அனுப்புங்கள் என்றேன். நேற்று அனுப்பியிருந்தார். கை சரியான இடங்களுக்குத்தான் போகிறது. எரிபொருள் வால்வு இரண்டு டாங்கிகளுக்கும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டிருந்தார். திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.