ஓஎம்ஆர் வேறு, கட்டுரை திருத்துவது வேறு

அண்ணாச்சி, 'ஜிஆர்ஈ கட்டுரையைக் கணினி மட்டும்தான் திருத்துது, தப்பே வராது. நம்ம பிளஸ் டூ தமிழ்ப் பேப்பரையும் அப்படியே விட்டுரலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே சரியில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் அந்த ஜிஆர்ஈ தேர்வில் ஒரு மனிதரும் மதிப்பெண் போடுகிறார், இ-ரேட்டர் என்ற மென்பொருளும் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் சராசரி. விலகினால் இன்னொரு மனிதர் திருத்துவார். அப்போது மென்பொருள் போட்டதை விட்டுவிடுவார்கள்.

தப்பே வராது என்பதும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சித் துறையில் இருந்த லெஸ் பெரல்மன் 2014-ல் மாணவர்களோடு சேர்ந்து 'பேபல்' என்றொரு நிரலை உருவாக்கினார். பெரிய பெரிய சொற்களைப் பொருளே இல்லாமல் கோத்துக் கட்டுரையாகத் தரும். திருத்தும் மென்பொருள்கள் அதற்கும் உயர்ந்த மதிப்பெண் போட்டன! நீளம், சொல்வளம், இலக்கணப் பிழை எல்லாம் அவை அளக்கும். சொன்ன விஷயம் உண்மையா என்று பார்க்காது.

டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் தாள் வேறு கதை, அங்கே எந்த வட்டம் கறுத்திருக்கிறது என்று இயந்திரம் பார்த்தால் போதும். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை தாமிரபரணியைப் பற்றித் தன் நடையில் எழுதுவதற்கு அது போதுமா? இப்போது சந்தேகம் வந்தால் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கலாம். எந்தக் கணினி வந்தாலும் அந்த உரிமையை மட்டும் விட்டுவிடக் கூடாது.